எழுதியவருக்காக ஒரு வேண்டுதல்

4 பிப்ரவரி

அன்புள்ள அக்கா,

நீயும் அத்தானும் சுகம்தானே? அத்தானின் முழங்கால் மாடிப்படி ஏறுகிறதா, இல்லை படியைப் பார்த்ததும் திரும்பிவிடுகிறதா? இங்கே வீட்டில் இவள் சுகம். நானும் சுகம் என்று எழுதத்தான் பேனாவை எடுத்தேன், கை வரவில்லை.

முந்தாநாள் மேனேஜர் கூப்பிட்டனுப்பினார். கிரேன் ஓட்டுகிறவனை வேலை நடுவே நூற்று நாற்பது படி இறங்கி வரச் சொன்னால் ஒன்று வீட்டில் துக்கம், இல்லை ஆபீசில் வில்லங்கம். உட்காரக்கூடச் சொல்லாமல், "உங்களைப் பத்தி ஒரு கடுதாசி வந்திருக்கு" என்றார்.

"யாரு சார் எழுதினது?"

"பேரு இல்ல. உங்களுக்குக் கண்ணு சரியில்லையாம். கம்பெனி டாக்டர் அடுத்த தடவை வரும்போது பரிசோதனை. அதுவரைக்கும் பாத்து ஓட்டுங்க."

மொட்டைக் கடிதம்! பதினெட்டு வருடம் ஒரு கீறல் இல்லாமல் ஓட்டியவன்மேல் மொட்டைக் கடிதம். காட்டச் சொன்னேன், காட்ட மறுத்துவிட்டார். கிரேன் போய்விட்டால் எனக்கு வேறு என்ன தெரியும் அக்கா? தரையில் நடக்கவே மறந்துபோனவன் நான்.

வலது கண்ணில் புகை படிந்த மாதிரி இருப்பது உனக்குத்தான் தெரியும். பாரம் இரண்டாகத் தெரிந்தால் இடது பக்கத்ததை நம்பி இறக்குகிறேன் என்று போன மாதம் உனக்கு எழுதியிருந்தேனே, அந்த வழியில் இதுவரை தப்பு வந்ததில்லை. வீட்டில் இவளுக்குக்கூடத் தெரியாது. ஆனால் ஒருவனுக்கு மூக்கு வியர்த்திருக்கிறது. விசிலுக்கு.

விசில் என்றால் கீழே நின்று எனக்குக் கை காட்டுகிறவன். பாரத்தை எங்கே இறக்க வேண்டும், எப்போது நிறுத்த வேண்டும் என்று ஆறு வருடமாகக் கையும் விசிலுமாகச் சொல்லிக்கொண்டிருப்பவன். சாதாரணமாக வாய் திறக்க மாட்டான். அவன் டிசம்பரில் ஒருநாள், "அண்ணே, கண்ணுக்கு மருந்து ஏதும் போடுறீங்களா?" என்றான். எதற்குக் கேட்டான்? அப்புறம் பாரம் இறங்கும் இடத்தைச் சுற்றி யாரும் சொல்லாமலே சுண்ணாம்பால் வெள்ளைக் கோடு போட ஆரம்பித்தான். நான் கோட்டைத் தாண்டி இறக்குகிறேனா என்று இன்ஜினியருக்குக் காட்டத்தானே?

போனில் சொல்லியிருக்கலாம். இவள் காதில் விழும். தவிர, போனில் நாம் பேசினால் மூன்றாவது நிமிடம் சண்டை. கடிதத்தில்தான் நான் முடிக்கும்வரை நீ குறுக்கே பேசாமல் இருப்பாய்.

கொதித்துக்கொண்டிருக்கும்
தம்பி


13 பிப்ரவரி

அன்புத் தம்பிக்கு,

உன் கடிதம் கிடைத்தது. அத்தான் ஏழு படி ஏறுகிறார், எட்டாவதில் நின்று உலக நடப்பு பேசுகிறார். எனக்கு ஒன்றும் இல்லை. ஆஸ்பத்திரித் தையல் அறையில் இந்த மாதம் போர்வை விளிம்பு அடிக்கும் வேலை. தூசி, தும்மல், அவ்வளவுதான்.

நீ மேலே ஏறுகிறாயா இன்னமும்? பரிசோதனை வரை வேறு யாரையாவது ஏற்றலாமே. இல்லாவிட்டால் நீயாகவே ஒரு கண் டாக்டரைப் போய்ப் பார். மூன்று கடிதத்தில் கெஞ்சிவிட்டேன். மூன்றுக்கும் நீ வேடிக்கையாகப் பதில் எழுதினாய்.

யார் எழுதினால் என்னடா? எழுதியவர் உன் கெடுதலுக்குத்தான் எழுதினார் என்று எப்படித் தெரியும்? விசில்தான் என்று அடித்துச் சொல்லாதே.

நம் வீட்டு வழக்கம் ஞாபகம் இருக்கிறதா? நாம் சண்டை போட்டால் அம்மா அடிக்க மாட்டாள். எதிரெதிரே உட்கார வைத்து, ஒருவருக்காக ஒருவர் வாய்விட்டுக் கடவுளிடம் வேண்டச் சொல்வாள். கேட்கிறவர்தான் தீர்ப்புச் சொல்ல வேண்டும். "மனசுலேர்ந்து வந்துச்சா?" என்று கேட்பாள். வரவில்லை என்றால் மறுபடியும் முதலிலிருந்து. நீ எனக்காக "அக்காவுக்குப் பெரிய பெரிய பல்லா முளைக்கட்டும்" என்று வேண்டிவிட்டு அன்றைக்குப் பதினோரு தடவை திரும்பச் சொன்னாய்.

அதை இப்போது செய். எழுதியவருக்காக வேண்டு. பெயர் வேண்டாம், 'எழுதியவர்' என்றால் போதும். என்ன வேண்டினாய் என்று எனக்கு எழுதி அனுப்பு. மனதிலிருந்து வந்ததா இல்லையா என்று நான் சொல்கிறேன்.

உடம்பையும் கண்ணையும் பார்த்துக்கொள்.

உன் அக்கா


20 பிப்ரவரி

அன்புள்ள அக்காவுக்கு,

உன் தும்மல் நின்றதா? அத்தான் எட்டாவது படியிலேயே ஒரு நாற்காலி போட்டுக்கொள்ளலாம்.

நீ கேட்ட வேண்டுதல் இதோ. "கடவுளே, மொட்டைக் கடிதம் எழுதிய புண்ணியவானுக்கு நீண்ட ஆயுளைக் கொடு. நான் கண்டுபிடிக்கும்வரைக்குமாவது அவன் நன்றாக இருக்கட்டும்." மனதின் அடி ஆழத்திலிருந்து வந்தது. தாராளமாகத் தீர்ப்புச் சொல்.

அம்மாவின் வழக்கம் வீட்டுக்குச் சரி. எதிரே உட்கார்ந்தவள் என் அக்கா. சண்டை முடிந்தால் ஒரே பாயில் தூங்கப் போகிறவள். இவன் யார்? எனக்குக் கீழே நின்றுகொண்டு எனக்கே குழி தோண்டுகிறவன். கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பத்து நாள் அவனைப் பார்த்தேன். சாப்பாட்டு நேரத்தில் தனியாக உட்காருகிறான். சட்டைப் பையில் எப்போதும் பேனா. நான் இறங்கி வந்தால் முகத்தைத் திருப்பிக்கொண்டு சுண்ணாம்புச் சட்டியைக் கிளறுகிறான். குற்றமுள்ள நெஞ்சு இல்லாமல் எதற்கு இதெல்லாம்?

அதனால் காரியத்தை முடித்துவிட்டேன். இன்ஜினியரிடம், "அவன் சைகை தாமதமா வருது சார், என்னால நம்பி இறக்க முடியல" என்றேன். பதினெட்டு வருடம் ஓட்டியவன் சொன்னால் மறுப்பாரா? முந்தாநாளிலிருந்து விசில் பலகைக் கிடங்கில். பழைய பலகையில் ஆணி பிடுங்குகிறான். எனக்குப் புது ஆள் ஒருத்தரைக் கீழே நிறுத்தியிருக்கிறார்கள். எங்கிருந்தோ மாற்றலாகி வந்தவர். சொன்ன இடத்தில் நிற்கிறார், கோடு கீடெல்லாம் போடுவதில்லை. நிம்மதி.

தம்பி


25 பிப்ரவரி

தம்பிக்கு,

நலம் விசாரிக்க நேரமில்லை. இன்றைய தபாலில் சேர்த்துவிட வேண்டும்.

என்ன காரியம் செய்தாய்! உடனே போய் இன்ஜினியரிடம் சொல்லி அவரைத் திரும்பக் கூப்பிடு. எழுதியது அவர் இல்லை என்று என் மனதுக்குப் படுகிறது. அவருக்குக் குடும்பம் இருக்கிறதா, பிள்ளைகள் எத்தனை, ஆணி பிடுங்குகிற வேலையில் கை என்னாகும் என்று ஒரு தடவையாவது யோசித்தாயா? உன் கோபத்துக்கு அவர் தலையில் கல்லைப் போடாதே.

புது ஆளுக்கு உன் கண்ணைப் பற்றித் தெரியுமா? தெரியாது. எந்தத் தைரியத்தில் அவர் கீழே நிற்கிறார் என்று நினைத்தால் எனக்குத் தையல் ஓடவில்லை.

வேண்டுதல் செல்லாது. திரும்பச் சொல்.

அக்கா


10 மார்ச்

அன்புள்ள அக்கா,

நான் சுகம். நீ சுகமா என்று இந்த முறை உண்மையாகவே கேட்கிறேன். உன் கடிதத்தைப் பார்த்தால் காய்ச்சல் அடிக்கிறவள் எழுதியது மாதிரி இருக்கிறது.

எனக்கு ஒன்று புரியவில்லை. எழுதியது விசில் இல்லை என்று உன் மனதுக்கு எப்படிப் படுகிறது? நீ அவனைப் பார்த்ததே இல்லை. நல்லவனா கெட்டவனா, கறுப்பா சிவப்பா ஒன்றும் தெரியாது. ஆனால் தம்பி சொன்ன சொல்லைவிட அவன்மேல் உனக்கு நம்பிக்கை. அவன் உனக்கு எழுதினானா? என் விலாசப் புத்தகம் கேபினில்தான் கிடந்தது. உண்மையைச் சொல்.

இப்போதெல்லாம் யாரைப் பார்த்தாலும் இவனாக இருக்குமோ என்று தோன்றுகிறது. மின்சாரக்காரன் சிரித்தால் ஏன் சிரித்தான்? சிரிக்காவிட்டால் ஏன் சிரிக்கவில்லை? போன வாரம் இவள் எனக்கு ஊசியில் நூல் கோத்துத் தரச் சொன்னாள். சோதிக்கிறாளோ என்று எரிந்து விழுந்தேன். பாவம், அவள் சட்டைப் பொத்தானைக் கையில் பிடித்துக்கொண்டு அப்படியே நின்றாள்.

டாக்டர் ஏப்ரல் முதல் வாரம் வருகிறாராம். பயப்படாதே, ஏற்பாடு ஆகிவிட்டது. மருத்துவ அறைச் சுவரில் தொங்கும் எழுத்து அட்டையைப் பக்கத்தில் போய் நின்று எட்டு வரிசையும் மனப்பாடம் செய்துவிட்டேன். தலைகீழாகக் கேட்டாலும் சொல்வேன்.

வேண்டுதல், இரண்டாம் முறை. இது ஞாயிற்றுக்கிழமை காலையில், கேபினில் எண்ணெய் போட்டுக்கொண்டிருந்தபோது தானாக வந்தது. "எழுதியவருக்குத் தூக்கம் வரட்டும். எழுதியதால் என்ன ஆகுமோ என்று அவர் விழித்துக்கொண்டு கிடந்தால், அது போதும், தூங்கட்டும்." ஏன் அப்படி வந்தது என்று எனக்கே தெரியவில்லை. தூங்காமல் கிடப்பவன் நான். அவனும் கிடப்பானோ என்று ஒரு நிமிடம் தோன்றியது, அவ்வளவுதான். இதற்கு மார்க்குப் போடு.

தம்பி


2 ஏப்ரல்

அன்புத் தம்பி,

மூன்று வாரம் பதில் எழுதாததற்குக் கோபித்துக்கொள்ளாதே. ஊசி விரலில் ஏறிவிட்டது. பெரிதாக ஒன்றும் இல்லை, ஆனால் பேனா பிடிக்க முடியவில்லை. நான் சொல்லச் சொல்ல அத்தானை எழுதச் சொல்லியிருக்கலாம். உனக்கு எழுதுவதை இன்னொருவர் கையில் கொடுக்க மனம் வரவில்லை.

விசில் எனக்கு எழுதவில்லை. அவர் யாரென்றே எனக்குத் தெரியாது. இதை நம்பு.

கண் வார்டுக்குத் துணி கொடுக்கப் போனபோது ஒருவரைப் பார்த்தேன். பஸ் ஓட்டியவர். இரண்டு வருடம் யாருக்கும் சொல்லாமல் ஓட்டியிருக்கிறார். நானாகக் கேட்கவில்லை, அவராகவே சொன்னார். "ஒருநாள் மழைல ஒருத்தர் குடை பிடிச்சுக்கிட்டு ரோட்டைக் கடந்தாரும்மா. எனக்குக் குடை மட்டும்தான் தெரிஞ்சுது."

அட்டையை மனப்பாடம் செய்தது பெரிய கெட்டிக்காரத்தனம் இல்லை. டாக்டரை ஏமாற்றலாம். இறங்கி வருகிற இரும்பை எப்படி ஏமாற்றுவாய்?

"தூக்கம் வரட்டும்" என்று வேண்டியிருந்தாய். நல்ல வேண்டுதல். மனதிலிருந்து வந்தது. அதைப் படித்த பிறகு

அத்தான் கூப்பிடுகிறார். உன்னிடம் சொல்ல வேண்டியது ஒன்று இருக்கிறது. அடுத்த கடிதத்தில் எழுதுகிறேன்.

அக்கா


9 ஏப்ரல்

மதிப்பிற்குரிய அக்காவுக்கு,

தாங்களும் அத்தானும் நலமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். விரல் ஆறியிருக்கும்.

டாக்டர் திங்கட்கிழமை வந்தார். எட்டு வரிசையும் கடகடவென்று சொன்னேன். மனிதர் சிரித்தார். என் இடது கண்ணைக் கையால் மூடிவிட்டு, மூன்றடி தள்ளி நின்று, "இது எத்தனை விரல்?" என்றார். நான்கு என்றேன். இரண்டுதானாம். கண்புரை. அறுத்துச் சரிசெய்யலாம் என்கிறார். அதுவரை கிரேன் கிடையாது. ஸ்டோரில் நட்டு போல்ட்டு எடுத்துக் கொடுக்கச் சொல்லி ஒரு நாற்காலி போட்டிருக்கிறார்கள்.

முடிந்த விஷயம்தானே என்று மேனேஜர் அந்தக் கடிதத்தைக் காட்டினார். படித்தேன். அரைப் பக்கம். மிஷினில் அடித்தது. எழுதியவர் யார் என்பதில் எனக்கு இனிமேல் சந்தேகம் இல்லை.

மேனேஜருக்கும் தெரிந்துகொள்ள ஆசை. கம்பெனி விஷயத்தை மொட்டைக் கடிதமாக எழுதுகிற ஆளை வைத்துக்கொள்ள அவருக்கு இஷ்டமில்லை. நான் விசில் பெயரைச் சொன்னால் மாதக் கடைசியில் அவனை அனுப்பிவிடுவார். இன்னும் சொல்லவில்லை. தங்கள் பதில் வரும்வரை காத்திருக்கலாம் என்றிருக்கிறேன். தாங்கள்தானே இதில் தீர்ப்புச் சொல்கிறவர். எழுதியது விசில்தானே? ஆமாம் என்றால் ஒரு வரி போதும்.

வேண்டுதல், மூன்றாம் முறை. "எழுதியவர் வாய் திறக்கட்டும்."

இப்படிக்கு,
தங்கள் தம்பி


14 ஏப்ரல்

தம்பி,

நீ 'தங்கள்' போட்டு எழுதியதைப் படித்ததுமே தோன்றியது, உனக்குத் தெரிந்துவிட்டதோ என்று. தெரியாவிட்டாலும் இனிமேல் மென்று முழுங்க முடியாது.

நான்தான். விசில் இல்லை. நான்தான் எழுதினேன்.

இரண்டாகத் தெரிந்தால் இடது பக்கத்ததை நம்பி இறக்குகிறேன் என்று நீ சிரித்துக்கொண்டு எழுதியிருந்தாய். அதைப் படித்த அன்று நான் ஒரு போர்வையை மூன்று தடவை தைத்துத் தையலைப் பிரித்தேன். உனக்கு எழுதினால் வேடிக்கை பேசுவாய். வீட்டில் அவளிடம் சொன்னால் உன்னிடமே வந்து கேட்பாள், நீ பூசி மெழுகிவிடுவாய். ஆஸ்பத்திரி ஆபீசில் யாரும் இல்லாத சாப்பாட்டு நேரத்தில் ஒற்றை விரலால் அடித்தேன். பெயர் போடவில்லை. போட்டால் நீ என்னோடு பேச மாட்டாய் என்று பயம். உன் கிரேனைப் பறிக்கத் துணிந்தேன், உன்னை விடத் துணியவில்லை.

கடிதம் எழுதியதற்காக நான் வெட்கப்படவில்லை. நாளைக்கும் எழுதுவேன். வெட்கப்படுவது அதற்குப் பிறகு செய்ததற்கு. எழுதியவருக்காக வேண்டு வேண்டு என்று உன்னை விரட்டினேனே, அது பக்தி இல்லை. உனக்குத் தெரியாமலே உன் வாயால் மன்னிப்பு வாங்கப் பார்த்தேன். எதிராளிதான் தீர்ப்புச் சொல்ல வேண்டும் என்பது அம்மாவின் சட்டம். எதிராளி நான் என்று சொல்லாமலே தீர்ப்பு நாற்காலியில் உட்கார்ந்துகொண்டேன். கடவுளை வைத்துச் செய்த திருட்டு இது. "தூங்கட்டும்" என்று நீ எழுதினாயே, அதைப் படித்துவிட்டு நான் தூங்கினேன் தம்பி. எட்டு மணி நேரம். எழுந்ததும் அருவருப்பாக இருந்தது.

நான் வாயைத் திறக்காததால் ஒரு மனிதர் ஆணி பிடுங்கிக்கொண்டிருக்கிறார். அதற்குப் பதில் சொல்ல வேண்டியவள் நான். இதோடு மேனேஜருக்கு ஒரு கடிதம் வைத்திருக்கிறேன். இதில் பெயர், விலாசம், கையெழுத்து மூன்றும் இருக்கின்றன. கொண்டுபோய்க் கொடு.

திட்டி எழுது. எழுதாமல் மட்டும் இருக்காதே.

அக்கா


20 மே

அன்புத் தம்பிக்கு,

ஐந்து வாரமாகிறது. தபால்காரர்மேலேயே எனக்குச் சந்தேகம் வந்துவிட்டது. அவர் பையில் கையை விடும்போது, இவர் வேண்டுமென்றே கடைசியில் எடுக்கிறாரோ என்று பார்த்துக்கொண்டு நிற்கிறேன். போன் செய்தால் வீட்டில் அவள்தான் எடுக்கிறாள். "நல்லாருக்கார் அண்ணி, ஸ்டோருக்குப் போயிருக்கார்" என்கிறாள். ஞாயிற்றுக்கிழமைகூட ஸ்டோர் உண்டா?

என் கடிதம் மேனேஜரிடம் போனதா? விசில் என்னானார்? அதை மட்டுமாவது சொல்.

உன்னை வேண்டச் சொல்லி இனிமேல் கேட்க மாட்டேன். நான் தினமும் காலையில் மிஷினில் உட்காருமுன் வேண்டுகிறேன். விசிலுக்காக வருகிறது. உனக்காக வேண்டும்போதுதான் சிக்கல். நடுவிலே, 'அவன் நல்லதுக்குத்தானே செய்தேன்' என்று எனக்கு நானே வக்காலத்து வாங்குகிற பேச்சு நுழைந்துவிடுகிறது. அதைப் பிடித்து வெளியே தள்ளிவிட்டு முதலிலிருந்து தொடங்குகிறேன். நேற்று ஆறு தடவை தள்ளினேன். அம்மா இருந்தால் பதினோரு தடவை ஆக்கியிருப்பாள்.

அத்தான் உன்னை விசாரித்தார். என்ன சொல்வதென்று தெரியாமல், நீ வேலையாக இருப்பதாகச் சொன்னேன்.

அக்கா


11 ஜூன்

அக்கா,

நான் நன்றாக இருக்கிறேன். கண் அப்படியே. இவளிடம் எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன், அவள் ஒருநாள் முழுக்க என்னோடு பேசவில்லை. உன்னோடு பேசுவாள், கவலைப்படாதே.

'தங்கள்' போட்டதை நீ சரியாகத்தான் பிடித்தாய். மேனேஜர் கையில் கொடுத்த கடிதத்தின் மூன்றாவது வரியில் இருந்தது, "இடது பக்கத்ததை நம்பி இறக்குகிறார்" என்று. அதை நான் ஒரே ஒருத்திக்குத்தான் சொன்னேன். மேனேஜர் விசில் பெயரைக் கேட்டார் என்பதெல்லாம் என் கற்பனை. நீயாகச் சொல்கிறாயா என்று பார்க்க வலை விரித்தேன். சொல்லிவிட்டாய். சொன்ன பிறகு எனக்குக் கோபம் குறையும் என்று நினைத்தேன். கூடியது. யாரென்று தெரியாதபோது வந்த வேண்டுதல் உன் முகம் தெரிந்த பிறகு தொண்டையிலேயே நின்றுவிட்டது. ஐந்து வாரம் இல்லை, எட்டு வாரம் முயற்சி செய்தேன். நீ கடிதம் எழுதியதைக்கூட ஜீரணித்துவிட்டேன். தெரியாதவள் மாதிரி எனக்கு மார்க்குப் போட்டாயே, அதைத்தான் முடியவில்லை.

உன் கையெழுத்துப் போட்ட கடிதத்தை மேனேஜரிடம் கொடுக்கவில்லை. அவருக்கு அதில் அக்கறை இல்லை. முதலில் இன்ஜினியரிடம் போய், விசிலின் சைகையில் குறை இருந்ததில்லை, நான் சொன்னது பொய் என்றேன். அவர் பேசியதை இங்கே எழுத முடியாது. விசிலை அடுத்த வாரம் பழைய வேலைக்கே கூப்பிடுகிறார்கள். அப்புறம் உன் கடிதத்தை எடுத்துக்கொண்டு பலகைக் கிடங்குக்குப் போனேன்.

அவன் ஒரு பலகையைக் குப்புறப் போட்டு ஆணிகளைப் பின்பக்கமாகத் தட்டிக்கொண்டிருந்தான். இரண்டு விரலில் துணி சுற்றியிருந்தது. என்னைப் பார்த்து நிறுத்தவில்லை. கடிதத்தை நீட்டினேன். துடைத்த கையால் வாங்கி, உதடு அசைய மெதுவாகப் படித்தான்.

"உங்க அக்காவா?"

"ஆமா. நீன்னு நெனச்சேன். அதான் உன்னை இங்க தள்ளினேன்."

"நான் எழுதியிருக்கணும்ணே. எழுதல. இன்ஜினியர் கேட்டப்பல்லாம் அண்ணன் சரியாத்தான் எறக்குறாருன்னு பொய் சொன்னேன். கோடு போட்டா உங்களுக்குத் தெளிவாத் தெரியுமேன்னு சுண்ணாம்பு கலக்கினேன். மத்தபடி என்ன பண்றதுன்னு தெரியாம, நீங்க பாரத்தைத் தூக்குறப்பல்லாம் கைய காட்டிக்கிட்டே சாமிகிட்ட வேண்டிக்குவேன். இது மட்டும் நல்லபடியா எறங்கிடட்டும்னு."

பக்கத்திலிருந்த பலகை அடுக்கின்மேல் உட்கார்ந்தேன். நான் யாரை எதிரி என்று பத்து நாள் வேவு பார்த்தேனோ அவன் அதுவரை மாதக்கணக்கில் எனக்காக வேண்டிக்கொண்டு நின்றிருக்கிறான். மன்னித்துவிடு என்றேன்.

"இப்ப வேணாம்ணே. கொஞ்ச நாள் போகட்டும். இன்னும் மனசுல எரிச்சல் இருக்கு."

"இங்க வந்தப்புறம் எனக்காக வேண்டுறதை விட்டுட்டியா?"

"உங்களுக்காக விட்டுட்டேன். பொய் சொல்ல மாட்டேன். ஆனா வேண்டுறதை விடல. என் எடத்துல நின்னாரே அந்தப் புது ஆளு, அவருக்காக வேண்டினேன். அவருக்குத்தான் எதுவுமே தெரியாதே."

அக்கா, யோசித்துப் பார். எழுதியவனுக்காக நான் வேண்டினேன், நீ திருத்தினாய், நான் வீம்பு பிடித்தேன், நீ மறைத்தாய். நாம் இரண்டு பேரும் இப்படி மாறி மாறிக் கடவுளைக் கூப்பிட்டுக்கொண்டிருந்த நேரமெல்லாம் ஒருவர் பாரத்துக்கு அடியில் நின்றுகொண்டிருந்தார். நீயாவது ஒரு கடிதத்தில் அவரைப் பற்றிக் கேட்டாய். நீ மொட்டைக் கடிதம் எழுதியதுகூடக் கீழே நிற்கிறவனுக்காகத்தான் என்று இப்போது புரிகிறது. அதனால் என் கோபம் முழுக்கப் போய்விட்டது என்று எழுத மாட்டேன். பாதி போயிருக்கிறது. உனக்காக வேண்ட இன்று சாயங்காலம் வாய் வந்தது.

ஆபரேஷன் ஜூலை இரண்டாம் தேதி. வா. அத்தானையும் கூட்டிக்கொண்டு வா. இங்கே தரைத் தளம்தான், படி இல்லை.

கிடங்கிலிருந்து நேரே கிரேனுக்கு அடியில் போனேன். புது ஆள் சாப்பிட்டு முடித்துக் கை கழுவிக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும் மரியாதையாக எழுந்து நின்றார். மேலேயிருந்து பார்த்தபோது அவர் எனக்கு ஒரு மஞ்சள் தொப்பி மட்டும்தான். கிட்டே பார்த்தால் என் வயதுதான் இருக்கும், காதோரம் நரை. ஏழு வாரம் அவர் தலைக்கு மேலே இரண்டிரண்டு டன்னாக இறக்கியிருக்கிறேன். உங்கள் பெயர் என்ன என்று இன்றைக்குத்தான் கேட்டேன்.

உன் தம்பி